ஏரி இல்லாத புத்தகம்

தான் எழுதிய கதை நோட்டை யாரிடமாவது படிக்கக் கொடுத்தால், திரும்ப வாங்கும்போது அந்த அம்மா, "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கமாட்டார். "எந்த எடத்துல நிறுத்துனீங்க?" என்றுதான் கேட்பார். அதில் குத்தல் இருக்காது. வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்று விசாரிப்பதுபோல இருக்கும். இடத்தைச் சொன்னால் கைப்பையிலிருந்து ஒரு நூல்துண்டை எடுத்து அந்தப் பக்கத்தில் வைத்து மூடுவார். ஆளுக்கு ஒரு நிறம். டிக்கெட் பரிசோதகருக்குக் கறுப்பு. திண்டிவனத்தில் வேர்க்கடலை மண்டி வைத்திருந்த மல்லாட்டை வியாபாரிக்கு மஞ்சள். கூட வேலை பார்த்த பெண்ணுக்குப் பச்சை.

விழுப்புரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவர் ஆபரேட்டர். வீடு திண்டிவனத்தில். காலைப் பாசஞ்சரில் வந்து சாயங்காலப் பாசஞ்சரில் போவார். போகும்போதும் வரும்போதும் மடியில் நோட்டை வைத்து எழுதிக்கொண்டே இருப்பார். அப்படிப் பதினோரு வருஷம் எழுதியது ஒரு மாயக்கதை. பத்தொன்பது நெட்டு நோட்டு. அதை ஒரே புத்தகமாகத் தைத்துத் தரச் சொல்லி, ஒயர்க் கூடையில் சுமந்துகொண்டு எங்கள் கடைக்கு வந்தார். எண்பதுகளின் நடுவில் இருக்கும். நான் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பைண்டிங் கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

கூடையிலிருந்து நோட்டுகளை எடுத்து மேஜைமேல் அடுக்கியபோது ஏழாவது நோட்டிலிருந்து மட்டும் பொம்மையின் தலைமுடிபோல நூல்கள் தொங்கின. எட்டாவதில் கறுப்பு ஒன்று. மற்றவற்றில் ஒன்றுமில்லை. முதலாளி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இது என்னம்மா, கோயிலில் வேண்டிக் கட்டியதா என்று கேட்டார். அவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும். இதற்குமேல் படிக்க முடியாது என்று ஜனங்கள் நிறுத்திய இடம் பாய் அது என்று அந்த அம்மா சொன்னார். சொல்லும்போது சிரித்தார். வெட்கப்பட்டுச் சிரித்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஓரம் வெட்டக்கூடாது என்றார். தாளின் கடைசிவரை எழுதியிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க படிப்பீங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எத்தனையோ பேருடைய புத்தகங்கள் என் கைவழியாகப் போயிருக்கின்றன. பைண்டரும் ஒரு ஆள், அவனும் படிப்பான் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அஞ்சாவது வரைக்கும் என்று சொன்னேன். எனக்கு ஆளைப் பார்த்துப் பேச வராது. பசைத்தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

"அது போதும். தைக்கறதுக்கு முன்னால படிச்சிடுங்க. எந்த எடத்துல நிறுத்துனீங்கன்னு எனக்குச் சொல்லணும்."

கதையில் வரும் மந்திரத்தை அவர் எங்களுக்கு விளக்கியது இன்னொரு நாள், வண்டிக்கு நேரம் இருந்தபோது. அந்த நாட்டில் மந்திரம் எல்லோருக்கும் வரும். மந்திரச்சொல் கிடையாது, கோல் கிடையாது. ஆனால் தனக்குச் செய்யத் தெரிந்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். சின்னக் காரியத்துக்குச் சின்னது. விளக்கேற்ற வேண்டுமென்றால் சீட்டியடிப்பதைக் கொடுக்கலாம். ஆற்றை நிறுத்த வேண்டுமென்றால் நீச்சலைக் கொடுக்க வேண்டும். கொடுத்தது திரும்ப வராது. அதைவிட மோசம், கொடுத்தவருக்கு அது தன்னிடம் இருந்ததே மறந்துபோகும். ஆகையால் மந்திரம் செய்கிற ஒவ்வொருவரும் கூட ஒரு சாட்சியை வைத்துக்கொள்ள வேண்டும். என்னவெல்லாம் போயிற்று என்பது சாட்சிக்குத்தான் தெரியும். கேட்டால் சொல்லியாக வேண்டும். கேட்காமல் சொல்லக்கூடாது. சாட்சி பொய் சொன்னால் செய்த மந்திரம் கலைந்துவிடும். விளக்கு அணைந்துவிடும், ஆறு மறுபடியும் ஓடும்.

பாய் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் என்னாத்தக் குடுக்கறது? எனக்குத் தெரிஞ்சது பீடி புடிக்கறது ஒண்ணுதாம்மா."

"பீடியா? அதக் குடுத்தீங்கன்னா கடலையே வத்த வெக்கலாம் பாய். உங்களுக்கு அது அவ்ளோ பெருசு."

பாய் வெகுநேரம் சிரித்தார். அன்று முழுக்க, யாராவது வேலையை அவசரப்படுத்தினால், ஜல்தியாக வேண்டுமென்றால் நீ என்ன கொடுப்பாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மந்திரத்தைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. குறை எல்லாம் கதை போகும் வேகத்தைப் பற்றித்தான். இரண்டு ராஜ்யங்களின் சண்டை ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். ஒரு கிழவர் தன்னுடைய செருப்பைத் தேடுவது பதினோரு பக்கம் வரும். கதைநாயகி நாடு விட்டு நாடு போவது இரண்டு வரி. வற்றிப்போன ஒரு பெரிய ஏரியை அவள் நடந்து கடப்பது ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று நோட்டு. அந்த ஏரியில்தான் எல்லோரும் நின்றார்கள். அவர் எழுதியது ரயிலில் என்பதால் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அந்த லைனில் அப்போது எக்ஸ்பிரஸ் வந்தால் பாசஞ்சரை மயிலம் ஸ்டேஷனிலோ பேரணி ஸ்டேஷனிலோ நிறுத்திப்போடுவார்கள். வண்டி நின்றால் எழுத்து குண்டு குண்டாக நேராக இருக்கும். ஓடினால் சாய்ந்து இழுத்துக்கொண்டு போகும். டிக்கெட் பரிசோதகர், "வண்டி மயிலத்துல நின்னா உங்க கதையும் நிக்குதும்மா. எக்ஸ்பிரஸ் போனாத்தான் நகருது" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாராம். அதையும் அவரே எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

ஒரு நாள் பாய் நேராகவே கேட்டுவிட்டார். இத்தனை பேர் சொல்கிறார்களே, அந்த இடத்தைக் கொஞ்சம் சுருக்கினால் என்ன?

"நாள் பூரா ஜனங்க பேசறத மூணு நிமிஷத்துல வெட்டிக்கினு இருக்கேன் பாய். என் கதையிலயாவது அவங்க பேசி முடிக்கட்டும்."

அவர் வெட்டாமல் விட்ட சங்கதி ஒன்று ஊரில் உலாவிக்கொண்டிருந்தது. பச்சை நூல்காரப் பெண் கவர் வாங்கக் கடைக்கு வந்தபோது சொன்னது. பம்பாயில் இருந்த மகனோடு பேச ஒரு அம்மாள் டிரங்கால் போட்டிருந்தாள். லைன் கிடைத்ததும் அவளால் பேச முடியவில்லை. அந்தப் பக்கம் மகன் அம்மா, அம்மா என்கிறான். இந்தப் பக்கம் அழுகை. ஒரு டிரங்காலுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு. மூன்று நிமிஷம் ஆயிற்று. ஆறு நிமிஷம் ஆயிற்று. பின்னால் எத்தனையோ பேர் லைனுக்குக் காத்திருக்கிறார்கள். இவர் பிளக்கைப் பிடுங்கவில்லை. அந்த அம்மாள் அழுது முடித்து, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை கேட்கும்வரை விட்டுவைத்தார். அதற்கு மெமோ வந்தது. மெமோவை வாங்கிப் படித்துவிட்டு, அதிலும் ஒரு நூலை வைத்து மூடினாராம். இந்தக் கடைசிச் செய்தியை அந்தப் பெண் தானாகச் சேர்த்திருக்கலாம்.

நான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நோட்டுகளைப் படித்தேன். முதல் ஆறு நோட்டைப் படித்த வேகத்தை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். சோறு ஆறிப்போகும். ஓடக்காரன் ஒருவன் தன் மகளைப் பிழைக்கவைக்கத் துடுப்புப் போடுவதையே விட்டுக்கொடுத்துவிட்டு, மறுநாள் ஓடத்தில் உட்கார்ந்து இந்தக் கட்டை எதற்கு என்று கேட்கிற இடத்தில் நான் அழுதேன். பாய் பார்த்துவிடக்கூடாது என்று பசை காய்ச்சப் போவதுபோல எழுந்து போனேன்.

பிறகு ஏழாவது நோட்டு. ஏரி. கதைநாயகியும் ஒரு உப்புக்கார அம்மாளும் நடக்கிறார்கள். உப்புக்காரி மூட்டையை இறக்கி வைக்கிறாள். உப்பில் எத்தனை வகை என்று சொல்ல ஆரம்பிக்கிறாள். நான் அங்கே நிறுத்தினேன். மறுநாள் அதே இடத்தில் ஆரம்பித்து மறுபடியும் நிறுத்தினேன். மூன்றாம் நாள் நேராகப் பத்தாவது நோட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை ஓடினேன். முடிவில் எல்லாவற்றையும் இழந்த அந்தப் பெண் ஒரு தெருவில் நின்று, என் வீடு எது என்று உப்புக்காரியிடம் கேட்கிறாள். உப்புக்காரி ஒரு கதவைக் காட்டுகிறாள். அதோடு கதை முடிகிறது. நடுவில் மூன்று நோட்டு விட்டுப்போனது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

அந்த வாரம் அவர் வந்து கேட்டார். நான் பதில் சொல்லும்வரை காத்திருந்தார். அவர் காத்திருக்கிற விதம் அப்படி. காதில் ரிசீவர் இருப்பதுபோலத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, இன்னொரு முனையில் ஆள் இருக்கிறான் என்ற நம்பிக்கையோடு நிற்பார்.

"எங்கியும் நிறுத்தலீங்க" என்றேன்.

"ஏரியிலயும்?"

"இல்லீங்க."

கைப்பைக்குள் போயிருந்த கை வெறுமனே வெளியே வந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு ஆள், என்று மெதுவாகச் சொன்னார். எனக்கு ஒரு நூல் விழக்கூடாது என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். என்னையும் ஒரு வாசகன் என்று கேட்ட ஒருவரிடம் எல்லோரையும்போல நானும் ஏரியில் உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஏரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வேறு யாரோடும் பேச முடியாததை என்னோடு பேசினார். உப்புக்காரி இரண்டாம் நாள் சொன்னது உங்களுக்குப் பிடித்ததா என்பார். நல்லா இருந்ததுங்க என்பேன். தண்ணீர் கிடைத்த பிறகு அவள் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாளே, ஏன் என்று புரிந்ததா என்பார். புரிந்ததுங்க என்பேன். என் பதில்கள் சின்னதாக இருந்ததை அவர் என் சுபாவம் என்று எடுத்துக்கொண்டார். நான் பேசாத ஆள் என்பது எனக்கு அப்போது வசதியாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் விஷயம் வந்தது. மல்லாட்டை வியாபாரியின் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே புத்தகம் போடுகிறவர். நோட்டை அனுப்பினால் படித்துப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். வியாபாரியே கடைக்கு வந்து, சீக்கிரம் தைத்துக் கொடுங்கள், அடுத்த வாரம் நான் கையோடு எடுத்துப் போகிறேன் என்றார். அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்றும் சொன்னார்.

"மூட்டையில கைய உட்டு ஒரு புடி எடுத்துப் பாக்கற மாதிரிதான் படிப்பாராம். ரெண்டு சொத்தை தட்டுப்பட்டா மூட்டையக் கட்டிடுவாராம். நம்ம அம்மா கதையில நடுவுல ஒரே சொத்தையா கெடக்குதே, அதான் பேஜாரு."

அந்த அம்மாவிடம் வேறு பிரதி இல்லை. பத்தொன்பது நோட்டையும் இன்னொரு முறை எழுத யாரால் முடியும்? அந்த வாரம் புயல்மழையில் லைன்கள் அறுந்து அவருக்கு இரட்டை டியூட்டி. தைத்து, பார்சல் கட்டி, வியாபாரியிடம் நீங்களே கொடுத்துவிடுங்கள் தம்பி என்று எனக்குச் சொல்லி அனுப்பினார்.

நோட்டுகளின் கம்பிப் பின்னைக் கழற்றித் தாள்களைப் பாகம் பாகமாகப் பிரித்து அடுக்கினேன். பக்கங்களுக்கு எண் கிடையாது. நூல்களை எடுத்து ஒரு கவரில் போட்டேன். ஏழாவது நோட்டில் அவை கிடந்த இடமெல்லாம் எனக்குத் தெரியும். மெட்ராஸ்காரரும் இங்கேதான் நிறுத்தப்போகிறார் என்று நினைத்தேன். பதினோரு வருஷமும் உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்து மக்கிவிடும். எனக்கு அந்தக் கதைமேல் ஆசை. அதைக் காப்பாற்றுவதாகவே நினைத்துக்கொண்டு ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் எடுத்து வைத்துவிட்டு ஆறையும் பத்தையும் சேர்த்துத் தைத்தேன். படிக்காத பக்கங்களைத்தான் எடுத்தேன். அது அப்போது உறைக்கவில்லை.

பார்சல் போகிற அன்று, டியூட்டிக்கு நடுவே பத்து நிமிஷம் கிடைத்து அவர் ஓடிவந்தார். பழுப்புக் காகிதத்தில் கட்டியிருந்ததை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். பைண்டு செய்தால் இளைத்துவிடுமா தம்பி என்று கேட்டார். பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் குறைந்துவிடுமுங்க என்று சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

எடுத்துவைத்த தாள்களைக் கழிவுத்தாள் அடுக்கின் அடியில் வைத்தேன். அங்கே யாரும் எதையும் தேடமாட்டார்கள். புத்தகம் திரும்பி வந்ததும், மெட்ராஸ்காரர் சரி என்ற பிறகு சொல்லிவிட்டு மறுபடியும் சேர்த்துத் தைக்கலாம் என்பது என் திட்டம். அடுத்த நாள் என் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. விக்கிரவாண்டிக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டேன்.

அங்கேதான் தப்பு நேர்ந்தது. எங்கள் கடையில் பெரிய பதிவேடுகளுக்கு அட்டை வாங்குவதில்லை. கழிவுத்தாளை ஐந்தாறு, ஐந்தாறாக மைதாப்பசையில் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, வெயிலில் காயவைத்து, பாயே அட்டை செய்வார். மேலே காலிகோ துணி ஒட்டிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது. நான் ஊரில் இல்லாத நான்கு நாளில் கோலியனூரில் ஒரு ஆபீசிலிருந்து அவசர ஆர்டர் வந்திருக்கிறது. அடுக்கை அடியோடு எடுத்து ஒட்டிவிட்டார். நான் வந்தபோது பதிவேடுகள் போய்விட்டன. மிச்சம் ஒரு அட்டைத்துண்டு மூலையில் கிடந்தது. அதன் ஓரத்தில் அந்த அம்மாவின் எழுத்து, ஓடுகிற வண்டியில் எழுதியது, சாய்ந்து தெரிந்தது.

பாயைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவரிடமும் சொல்லவில்லை.

நான்கைந்து மாதம் கழித்துப் புத்தகம் திரும்பி வந்தது. பிரிக்காத பார்சலோடும் ஒரு கடிதத்தோடும் அந்த அம்மா கடைக்கு வந்தார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். கடிதத்தை அவரே படித்துக் காட்டினார். மந்திரத்தின் விதி இதுவரை எங்கும் படிக்காதது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் கதை ஓட்டமும் தாவலுமாக இருக்கிறது, முடிவில் முன்பின் தெரியாத ஒரு உப்புக்காரி வருகிறாள், கதைநாயகி அவளை ஏன் நம்ப வேண்டும், அவ்வளவு பெரிய முடிவுக்கு ஆசிரியர் எதையுமே சேர்த்துவைக்கவில்லை என்று எழுதி, வருத்தத்தோடு திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"பாத்தீங்களா தம்பி, ஏரியப் படிக்காம தாண்டிட்டாங்க. நாமளாவது அவங்களுக்கு ஒரு கடுதாசி போடலாம். அந்த எடத்தப் படிங்கன்னு." அப்படிச் சொல்லிக்கொண்டே பார்சலைப் பிரித்தார். எந்தப் பக்கம் என்று குறித்து அனுப்ப அதைத் தேடினார். புரட்டினார். திரும்பவும் முன்னால் வந்து புரட்டினார்.

"இதுல ஏரி இல்லியே."

நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

"தைக்கும்போது உட்டுப்போச்சா?"

"நான்தாங்க எடுத்தேன்."

"ஏன்?"

"அங்கதான எல்லாரும் நிறுத்தறாங்க. அவரும் நிறுத்திடுவாருன்னு…"

"நீங்க நிறுத்தலியே."

எனக்குத் தெரிந்து அவர் ஒருவரை அவசரப்படுத்தியதில்லை. அன்றும் அவசரப்படுத்தவில்லை. வெளியே லாரி ஒன்று பின்னால் போய்த் திரும்பிப் போகும்வரை நின்றார்.

"நானும் நிறுத்துனேங்க. உப்பு மூட்டைய எறக்கி வெக்கிற எடத்துல."

"அது ரெண்டாவது பக்கம்" என்றார்.

புத்தகத்தை மூடிவிட்டு, அந்தத் தாளெல்லாம் எங்கே என்று கேட்டார். கோலியனூர் என்று சொன்னால் அவர் அந்த நிமிஷமே கிளம்பிப் போயிருப்பார். பாய்க்குத் தெரிந்திருக்கும். ஆபீசுக்குத் தெரிந்திருக்கும். நான் அவர் பின்னால் போய் அத்தனை பேர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும்.

"பழைய பேப்பர்காரன் எடுத்துக்கினு போயிட்டாங்க" என்றேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாயங்காலப் பாசஞ்சர் போகிற சத்தம் கேட்டது, எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு பக்கமாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா, சொல்லுங்கள் என்றார். சொன்னேன். கடையில் கிடந்த ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டார். எழுதும்போது என்னிடம் நீங்க, வாங்க என்றுதான் பேசினார். அது மாறியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்ப எழுதிவிட முடியாதா என்று பாய் பிற்பாடு கேட்டார். அவருக்கு விஷயம் பாதிதான் தெரியும். முயன்று பார்த்தேன் பாய், வேறு ஏரியாக வருகிறது என்று அந்த அம்மா சொன்னார். ஆகவே அவர் ஒரு காரியம் செய்தார். நூல் கவரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஏரியில் நிறுத்திய ஒவ்வொருவரிடமும் போனார். நிறுத்தியவர்கள் நிறுத்தும்வரை படித்திருக்கிறார்கள் அல்லவா? மஞ்சள் நூல்காரர் உப்பு வகைகளைச் சொன்னார். பச்சை நூல்காரப் பெண் முதல் நாள் வெயிலைச் சொன்னாள். கறுப்பு நூல்காரர்தான் ஆக அதிக தூரம் போனவர். எட்டாவது நோட்டில் பாதிவரை அவருக்கு ஞாபகம் இருந்தது. ரயிலில் டிக்கெட் பார்ப்பதை விட்டுவிட்டு, இவரும் திண்டிவனத்தில் இறங்காமல் கூடப் போக, செங்கல்பட்டுவரை உட்கார்ந்து சொன்னாராம். அதற்கு அப்பால் ஏரிக்குள் போன ஆளே இல்லை.

அந்த மூலையில் கிடந்த அட்டைத்துண்டை ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டேன். அவர் எழுதியது பால்பாயிண்ட் பேனாவில். மைதாப்பசை கரைந்து தாள் தாளாகப் பிரிந்து வந்தது. எழுத்து கலையவில்லை. துண்டாக வெட்டியது போக, ஒரு பக்கம் முழுதாகக் கிடைத்தது. அந்த உப்பு மூட்டைக்கு அப்பால் நான் படித்த முதல் பக்கம் அதுதான். கதைநாயகி கொஞ்சம் தண்ணீர் வரவழைக்கத் தலைபின்னுவதைக் கொடுத்துவிடுகிறாள். காற்றில் முடி பறந்து முகத்தில் அடிக்கிறது. இது என்ன தொந்தரவு, எப்போதும் இப்படித்தானா என்கிறாள். தனக்கு என்ன போயிற்று என்று அவள் கேட்கவில்லை, அதனால் அவளுக்குச் சாட்சியான உப்புக்காரி சொல்லவும் இல்லை. நடந்துகொண்டே பின்னால் வந்து முடியை வாரிப் பின்னுகிறாள். அவள் விரல்கள் உப்பில் வெடித்தவை, முடியில் மாட்டி மாட்டி வருகின்றன. ஒரு பக்கம் முழுக்க அந்தப் பின்னல்தான். அவசரமே இல்லை. இப்படி ஒவ்வொன்றாகப் போகப்போக, ஒவ்வொன்றையும் உப்புக்காரி எடுத்துச் செய்துகொண்டே வந்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கியது. மூன்று நோட்டு அதற்குத்தான் ஆகியிருக்கிறது.

அந்தப் பக்கத்தைக் காயவைத்து அவரிடம் கொடுத்தேன். பீரோவுக்குப் பின்னால் விழுந்து கிடந்ததுங்க என்றேன். அவர் அதை வாங்கிப் படித்த முகத்தை நான் பார்த்தேன். பார்த்தும், பீரோ என்று சொன்னதை மாற்றவில்லை. மீதியை நானே கொண்டுவந்து ஒரு நாள் மொத்தமாகக் கையில் கொடுப்பேன், அதுவரை சொல்ல வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன்.

கோலியனூருக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை அந்த ஆபீஸ் வாசலில் புளியமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே அலமாரியில் நாங்கள் செய்த பதிவேடுகளின் சிவப்பு முதுகுகள் தெரிந்தன. பன்னிரண்டு. உள்ளே போய், ஐயா, உங்கள் பதிவேடுகளின் அட்டையைக் கழற்றித் தாருங்கள், வேறு அட்டை போட்டுத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்பார்கள். ஒரு கதை அதற்குள் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பியூன் வந்து, "என்னா வேணும்?" என்றான். "ஒண்ணும் இல்லீங்க" என்றேன். இரண்டாம் முறை பியூன் கேட்கும்வரைகூட நிற்கவில்லை.

அந்த அம்மா கடைசியாக வந்தபோது, மற்றவர்கள் சொன்னதையெல்லாம் தன் எழுத்தில் எழுதி எடுத்துவந்திருந்தார். ஒரு நோட்டு அளவுக்குத்தான் இருந்தது. அதை ஆறுக்குப் பின்னால் வைத்து, கிடைத்த அந்த ஒரு பக்கத்தையும் அதன் இடத்தில் வைத்து, மீதி இரண்டு நோட்டு அளவுக்கு வெறும் தாள் சேர்த்துத் தைத்துத் தரச் சொன்னார்.

"வெறுந்தாளாங்க?"

"ஆமா. எவ்ளோ இருந்துச்சோ அவ்ளோ வெச்சித் தைங்க. படிக்கறவங்க அவ்ளோ தூரம் புரட்டிக்கினுதான் அந்தப் பக்கம் போவணும்."

தைத்தேன். கோடு போடாத வெள்ளைத்தாள். ஊசி அதில் இறங்கும்போது எழுதிய தாளில் இறங்குகிற சத்தம் இல்லை. அவர் நின்றுகொண்டே காத்திருந்தார். முடித்துக் கொடுத்ததும் கனத்தைத் தூக்கிப் பார்த்தார். இப்போது சரியாக இருக்கிறது என்றார். அந்த வருஷமே வடக்கே எங்கேயோ மாற்றலாகிப் போய்விட்டார். புத்தகம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அவர் கடையில் இருந்தது ஒரு மணிநேரம் இருக்கும். பன்னிரண்டு பதிவேடுகளும் நாலு மைல் தள்ளி அந்த அலமாரியில் இருந்தன. ஊறவைத்தால் பிரிந்துவரும் என்பது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நான் வெறுந்தாளை ஒவ்வொரு பாகமாக மடித்து, விரலால் நீவி, ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். என் சைக்கிள் கடைக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தது.